இலவசம்தான்... ஆனா எவ்வளவு?

பெரிய நிறுவனங்களின் செயலிகளை விட்டு, நம்மைப் பின்தொடராத செயலிகளுக்கு மாறுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். புதுக்கோட்டை மாவட்டத்து வாசகர்கள் குவித்துவிட்டார்கள். "பெயர் போட வேண்டாம்" என்று பலர் கேட்டிருந்தார்கள். இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கோரிக்கை கிடையாது. எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டோம்.

என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லீங்க. எனக்கு எதுக்கு இந்தத் தனியுரிமை எல்லாம்?
– டீக்கடைக்காரர், கீழ ராஜ வீதி, புதுக்கோட்டை

நல்லது. கடையில் இருக்கும் கடன் நோட்டை நாளைக் காலையில் பெஞ்சின் மேல் விரித்து வையுங்கள் பார்ப்போம். மாட்டீர்கள். உங்களுக்கு மறைக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம். நோட்டில் பெயர் இருப்பவர்களுக்கு இருக்கிறது. போனும் அப்படித்தான். 'அனுமதி' என்று நீங்கள் ஒரு தட்டு தட்டினால் மாமனார், மச்சான், பால்காரர், வட்டிக்காரர் எல்லோருடைய எண்ணும் சேர்ந்தே போகிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: தனியுரிமை அடிப்படை உரிமை. 'மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு மட்டும்' என்று அவர்கள் நிபந்தனை போடவில்லை.

வாட்ஸப்பிலேயே 'எண்ட் டு எண்ட்' குறியாக்கம் இருக்கே. அப்புறம் சிக்னல் செயலி எதுக்கு?
– கல்லூரி மாணவி, திருமயம்

இருக்கிறது, 2016 முதல். அந்தத் தொழில்நுட்பமே சிக்னலிடம் வாங்கியதுதான். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது வாட்ஸப்புக்குத் தெரியாது. யாரோடு, எப்போது, எத்தனை தடவை, எந்தக் குழுவில் என்பது தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே எண்ணுக்கு நாற்பது செய்தி போனால், உள்ளே என்ன இருந்தது என்று படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சிக்னல் அந்த விவரத்தையும் சேர்த்து வைப்பதில்லை. 2016-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு பயனரின் விவரங்களைக் கேட்டபோது, அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். இல்லாததை யார் வந்து கேட்டாலும் கொடுக்க முடியாது. இன்னொன்று: வாட்ஸப் உரையாடல்களின் நகல் கூகுள் டிரைவுக்குப் போகும்போது அதற்கும் குறியாக்கம் வேண்டுமென்றால், அமைப்புக்குள் போய் நீங்கள்தான் அதைப் போட வேண்டும். இன்றைக்கே போடுங்கள். அதற்குச் சிக்னலுக்கு மாறக்கூடத் தேவையில்லை.

நான் சிக்னல் போட்டுட்டேன். குழுவில ஒருத்தரும் வரல. அதுல நான் மட்டும் தனியா உக்காந்திருக்கேன்!
– மகளிர் குழுத் தலைவி, ஆலங்குடி

இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். இதற்கான விடை உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். ஒரு பெண் தனியாகச் சைக்கிள் ஏறினால் தெருவே சிரித்த காலம். ஆனால் ஏறியது ஒருத்தி இல்லை. களப்பணியாளர்கள், கல் குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள் என்று கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தெருவால் எத்தனை பேரைப் பார்த்துத்தான் சிரிக்க முடியும்? பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்தபோது அவர்கள் காத்திருக்கவும் இல்லை. ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். அதில் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று காரணமும் சொன்னார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

அதனால் உங்கள் போனில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். பிரவுசர், வரைபடம், விசைப்பலகை, புகைப்படச் சேமிப்பு ஆகியவற்றை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே மாற்றலாம். அரட்டைச் செயலி அப்படி இல்லை, ஊரோடுதான் மாற முடியும். முழுக் குழுவையும் இழுக்க வேண்டாம். கணக்கு வழக்கு பார்க்கும் நாலு பேரை மட்டும் கூப்பிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் போனில் நீங்களே நிறுவிக் கொடுங்கள். வாட்ஸப்பை நீக்காதீர்கள். கடன் கணக்கும் ஆதார் நகலும் சிக்னலில், காலை வணக்கம் வாட்ஸப்பில். காலை வணக்கத்தை யார் உளவு பார்த்தாலும் அது அவர்கள் தலையெழுத்து.

ஜோஹோவின் 'அரட்டை' நம்ம ஆளு செஞ்சது. கண்ணை மூடிக்கிட்டு மாறலாமா?
– ஆசிரியர், பொன்னமராவதி

மாறலாம், கண்ணைத் திறந்துகொண்டு. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. விளம்பரத்தை நம்பிப் பிழைப்பதில்லை என்பதை அது கொள்கையாகவே சொல்லி வருகிறது. இரண்டும் பெருமைதான். ஆனால் 2021-ல் வந்த அரட்டையை 2025 செப்டம்பரில் நாடே போட்டி போட்டு இறக்கியபோது, அழைப்புகளுக்கு இருந்த முழுக் குறியாக்கம் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கேள்வி எழுந்தது. தனிநபர் உரையாடல்களுக்கு அதைப் பிறகுதான் கொண்டுவந்தார்கள். கேட்டதால் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னலின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் பரிசோதிக்கும்படி திறந்து கிடக்கிறது. அரட்டையும் அப்படித் திறந்தால், ஊர்ப்பாசத்தோடு நம்பிக்கையும் சேரும். செய்தவர் எந்த ஊர் என்பது இரண்டாவது கேள்வி. அவர் நினைத்தாலும் படிக்க முடியாதபடி செய்திருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

வீட்டுக்காரர் துபாயில இருக்கார். அங்கே வாட்ஸப் கால் போகாது. புதுசா ஒரு ஆப்ல நல்லா பேச முடியுதாம். போடலாமா?
– வாசகி, கோட்டைப்பட்டினம்

அவசரப்படாதீர்கள் அம்மா. ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையவழி அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகள்தான் ஓடும். வாட்ஸப் அழைப்பே போகாத இடத்தில் ஒன்று மட்டும் தங்குதடையின்றி ஓடினால், யார் தயவில் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். 2019-ல் 'டோடோக்' என்று ஒன்று இப்படித்தான் வந்தது. இலவசம், தெளிவான காணொளி, எல்லோரும் போட்டார்கள். அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஆனாலும் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடையில் இருந்து அதைத் தூக்கிவிட்டன.

அனுமதி உள்ள செயலியில் முகம் பார்த்து நலம் விசாரியுங்கள். பணம், பாஸ்போர்ட், முதலாளி பற்றிய புலம்பல் எல்லாம் வாட்ஸப்பில் குரல் பதிவாகப் போகட்டும். "விபிஎன் போட்டால் எல்லாம் வேலை செய்யும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அங்கே சட்டத்தை மீற விபிஎன் பயன்படுத்தினால் அபராதம் லட்சக்கணக்கான திர்ஹாம். நண்பர்கள் கட்ட மாட்டார்கள்.

ஜாதகம் எல்லாம் இப்ப வாட்ஸப்லதான் வருது. பயப்படணுமா?
– திருமணத் தகவல் மையம், இலுப்பூர்

பிறந்த தேதி, ஊர், தாய் தந்தை பெயர், சம்பளம், போட்டோ. வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவன் தேடி அலையும் அத்தனையும் ஒரே தாளில்! செவ்வாய் தோஷத்துக்கு ஊர் ஊராகப் பரிகாரம் இருக்கிறது. இதற்கு ஒன்றுதான்: 'மறையும் செய்தி' வசதியைப் போட்டு அனுப்புங்கள், பொருந்தாத ஜாதகத்தை அன்றே அழியுங்கள்.

கூகுள் மேப்பை விட்டா சித்தன்னவாசலுக்கு வர்றவங்களை எப்படிக் கூட்டிப் போறது?
– கார் ஓட்டுநர், அன்னவாசல்

உங்களுக்கு மேப் எதற்கு, உங்களைப் பார்த்துத்தானே மேப் கற்றுக்கொள்ள வேண்டும்! விஷயத்துக்கு வருவோம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் தொடங்கியது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடம். அதை வைத்து இயங்கும் 'ஆர்கானிக் மேப்ஸ்' செயலியில் தமிழ்நாட்டை ஒரு தடவை இறக்கிவிட்டால், டவர் கிடைக்காத பொட்டலிலும் வழி காட்டும்; நீங்கள் எங்கே போனீர்கள் என்று யாருக்கும் சொல்லாது. குறையும் உண்டு. நேரடிப் போக்குவரத்து நெரிசல் தெரியாது. உங்கள் சாலையில் நெரிசல் என்றால் அது ஆட்டு மந்தைதான். அது கூகுளிலும் வராது. குடுமியான்மலைக்குப் போகும் குறுக்குப் பாதை அதில் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். சேர்த்தால் அது ஊர்ச் சொத்து.

ஜிபே, போன்பே இல்லாம பூ மார்க்கெட்ல ஒரு முழம்கூட விக்காது. இதுக்கு என்ன மாற்று?
– பூ வியாபாரி, கீரமங்கலம்

மாற்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. யுபிஐ என்ற பாதை கூகுளுடையதும் அல்ல, போன்பேயுடையதும் அல்ல. தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016-ல் போட்டது. இந்த இரண்டு செயலிகளும் அதில் ஓடுகிற வண்டிகள். பத்தில் சுமார் எட்டுப் பரிவர்த்தனை அவற்றில்தான் நடக்கிறது. அந்தக் கழகத்தின் சொந்தச் செயலி பீம். உங்கள் வங்கிச் செயலியிலும் யுபிஐ இருக்கும். எதற்கு மாறினாலும் வாடிக்கையாளர் எதில் இருந்தும் உங்களுக்குப் பணம் போடலாம். வங்கிக்கும் கழகத்துக்கும் தெரிவதைத் தடுக்க முடியாது. மூன்றாவதாக ஒருவருக்குத் தெரிவதை நிறுத்தலாம்.

யாருக்குமே தெரியக் கூடாது என்றால் பத்து ரூபாய் நோட்டு. அதற்கு அப்டேட் தேவையில்லை.

யுபிஐ-யில் செயலி மாறலாம், போன் நம்பர் மாறாமலே கம்பெனி மாறலாம். வாட்ஸப்பில் மட்டும் ஏன் முடியாது?
– பொறியியல் மாணவர், கந்தர்வகோட்டை

முடியாதபடி கட்டியிருக்கிறார்கள், அதனால்தான். 2011-ல் எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. எந்த நிறுவனமும் மனமிரங்கித் தந்ததல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தரவைத்தது. ஜிமெயிலில் இருந்து ஜோஹோ மெயிலுக்கு அனுப்பினால் போகிறது, ஏனென்றால் மின்னஞ்சல் பொது நெறி. வாட்ஸப்பில் இருந்து சிக்னலுக்கு அனுப்ப முடிந்தால், நம் ஆலங்குடி வாசகி தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் மூலம் வாட்ஸப்பின் கதவைப் பிற செயலிகளுக்குத் திறக்கச் சொல்லியிருக்கிறது. இங்கே போட்டி ஆணையம் வாட்ஸப்பின் 2021-ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கை மாற்றத்துக்காக 2024 நவம்பரில் அதன் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் போட்டார்கள்; கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

புரோட்டான் மெயில் வச்சிருந்தா போலீஸ் சந்தேகப்படுமா?
– இ-சேவை மையம் நடத்துபவர், அறந்தாங்கி

மெயில் வைத்திருப்பது குற்றமில்லை. அதில் வெடிகுண்டு மிரட்டல் அனுப்புவது குற்றம். 2024 பிப்ரவரியில் சென்னைத் தனியார் பள்ளிகளுக்கு அப்படி ஒருவன் அனுப்பியதும், புரோட்டான் மெயிலையே முடக்கச் சொல்லித் தமிழ்நாடு காவல்துறை மத்திய அரசைக் கேட்டது. அந்த நிறுவனம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் அதிகாரிகள் தலையிட்டதில் அது அப்போது நின்றது. பிறகு 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் முடக்க உத்தரவிட்டது. மொட்டைக் கடிதத்துக்காக யாரும் தபால் நிலையத்தைப் பூட்டியதில்லை. மெயிலுக்கு மட்டும் ஏனோ அந்த நியாயம் வர மறுக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் புரோட்டானில் இருந்து ஜிமெயில்காரருக்கு எழுதினால் அதன் பிரதி கூகுளிடம் இருக்கும். இதுவும் ஊரோடு மாற வேண்டிய ரகம்தான். வங்கிக்கும் அரசு வேலைக்கும் தந்திருக்கும் முகவரியை ஒரே நாளில் மாற்றிக் கழுத்தை நெரித்துக்கொள்ளாதீர்கள். பழையதில் இருந்து புதியதற்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யும் விசைப்பலகைக்கும் தனியுரிமைக்கும் என்ன தொடர்பு?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருக்கோகர்ணம்

மிக நெருங்கிய தொடர்பு ஐயா. செய்தி குறியாக்கம் ஆவதற்கு முன்பே விசைப்பலகை அதைப் பார்த்துவிடுகிறது. கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அறிமுகமில்லாத 'கலர் கலர் தமிழ் கீபோர்டு' எதையும் நிறுவாதீர்கள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கேரளத்தின் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்ட 'இண்டிக் கீபோர்டு' தமிழையும் தருகிறது. அதன் நிரல் திறந்தது. குரலில் சொல்லி எழுதுவது கூகுளில்தான் சுகம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். உயிலை மட்டும் குரலில் எழுத வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சு போச்சு. எங்க பழைய கம்ப்யூட்டர்ல 11 ஏறாதாம். லினக்ஸ் போடலாமா?
– டிடிபி சென்டர், கீரனூர்

2025 அக்டோபர் 14-ல் முடிந்தது; உங்களைப் போல ஊர் முழுக்கப் பலர் தவிக்கிறார்கள். தட்டச்சு, மனு, பயோடேட்டா, ஆன்லைன் விண்ணப்பம் மட்டும் என்றால் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் தாராளம். பாமினி எழுத்துருவும் ஏறும். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, போட்டோஷாப்பில் பிளக்ஸ் என்றால் ஒரு கணினியை விண்டோஸுக்கு ஒதுக்குங்கள். வீராப்புக்காகத் தொழிலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது நம் மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. அதிகாரி மாறியதும் ஆர்வமும் மாறிப்போனது. கேரளம் பள்ளிக்கூடத்தில் இருந்து தொடங்கியது. அங்கே இன்றும் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். இங்கே விழுப்புரம், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களும் கணியம் அறக்கட்டளையும் தமிழில் கற்றுத்தருகின்றன. புதுக்கோட்டையில் அப்படி ஒரு குழுவைத் தொடங்க உங்கள் கடையே போதும். நாற்காலி இருக்கிறது, டீக்கடை பக்கத்தில் இருக்கும்.

2015-ல் நம்ம ஊரில் வலைப்பதிவர் திருவிழா நடந்தது நினைவிருக்கிறதா? அன்றைக்கு எழுதியதெல்லாம் கூகுளின் பிளாக்கரில் கிடக்கிறதே!
– முன்னாள் வலைப்பதிவர், புதுக்கோட்டை

நினைவிருக்கிறது. 2015 அக்டோபர் 11. கணினித் தமிழ்ச் சங்கம் கூட்டிய விழா. ஆசிரியர்கள் பலர் பதிவெழுதிக்கொண்டிருந்த காலம். கூகுள் தன் பிள்ளைகளைத் தானே புதைக்கும் வழக்கம் உள்ள நிறுவனம். ரீடர் 2013-ல் போனது, ஆர்குட் 2014-ல், கூகுள் பிளஸ் 2019-ல். பிளாக்கருக்கு எப்போது என்று யாரும் முன்கூட்டிப் பத்திரிகை அடித்து அழைக்க மாட்டார்கள். 'கூகுள் டேக்அவுட்' பக்கத்தில் உங்கள் பதிவு முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கலாம். தேர்ந்ததை மின்னூலாக்கினால், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் போன்ற தன்னார்வத் தளங்கள் வெளியிடுகின்றன. 'முன்னாள்' என்ற அடைமொழியை நீக்கிவிட்டு மறுபடி எழுதுவது இன்னும் நல்லது.

கல்யாண ஆல்பம் எல்லாம் கூகுள் போட்டோஸ்ல இருக்கு. இடம் நிறைஞ்சிருச்சு, பணம் கேக்குது.
– புகைப்படக்காரர், விராலிமலை

2021 ஜூன் 1 வரை வரம்பில்லாமல் சும்மா வைத்திருக்க விட்டார்கள். எல்லோரும் கொண்டுபோய்க் கொட்டியபின், 15 ஜிபிக்கு மேல் வாடகை என்றார்கள். ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். இணையத்திலும் வேண்டுமென்றால் 'எண்டே' என்ற சேவை இருக்கிறது. கூகுளில் வேலை பார்த்த இந்தியர் ஒருவர் வெளியே வந்து தொடங்கியது; படங்களைக் குறியாக்கம் செய்தே வைக்கும், நிரலும் திறந்தது. ஓர் அளவுக்கு மேல் அதுவும் பணம் கேட்கும். ஆனால் அதை முதல் நாளிலேயே சொல்லிவிடும்.

யூடியூபில் விளம்பரம் இல்லாமல் பார்க்க நியூபைப் போடலாமா சார்?
– பிளஸ் டூ மாணவன், மணமேல்குடி

போடலாம். கூகுள் கணக்கு இல்லாமல் பார்க்கலாம். என்ன பார்த்தாய் என்ற பட்டியல் உன் பெயரில் கூகுளில் சேராது. பிளே ஸ்டோரில் கிடைக்காது, எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கும். வாட்ஸப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே வழியாக மட்டும் எதையும் நிறுவாதே. இன்னொன்று தம்பி: நீ விளம்பரம் பார்க்காவிட்டால் பாடம் நடத்துகிறவருக்கும் காசு போகாது. பிடித்த சேனலுக்கு வேறு வழியில் உதவு. தேர்வு முடியும்வரை எந்தச் செயலியிலும் பார்க்காமல் இருப்பதுதான் மிகச் சிறந்த தனியுரிமை.

டக்டக்கோவில் தமிழில் தேடினால் சரியாக வரவில்லையே?
– நூலகர், பொன்னமராவதி

வராது. தமிழ்த் தேடலில் கூகுள் முன்னே நிற்கிறது. தன்னையே முதல் தேடலாக வைக்கச் சொல்லி அது ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் கொடுத்தது 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் டக்டக்கோவை முதலாக வையுங்கள். கிடைக்காததற்கு மட்டும் கூகுளிடம் போங்கள். நோய், கடன், வழக்கு பற்றிய தேடல் முதலில் போகக் கூடாத இடம் கூகுள்.

அலுவலக உத்தரவு எல்லாம் வாட்ஸப் குழுவில்தான் வருகிறது. வெளியேறினால் மெமோ வரும்.
– கிராம நிர்வாக அலுவலர், குளத்தூர் வட்டம்

மெமோவும் வாட்ஸப்பில்தான் வரும். வெளியேறாதீர்கள். அலுவலகத்துக்கென்று தனி எண் வைத்து, பட்டா, ஆதார் படங்களை வாரம் ஒருமுறை போனில் இருந்து அழியுங்கள். அரசு ஊழியர்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் 'சந்தேஸ்' என்ற செயலியையே செய்து வைத்திருக்கிறது. மக்களின் ஆவணம் அதில் போகட்டும் என்று மேலிடம் ஒரு சுற்றறிக்கை விட்டால் முடிந்தது. தனி ஆள் மாற முடியாத இடத்தில் மாற வேண்டியது உத்தரவு போடுகிறவர்.

சட்டம் வந்துவிட்டதே, இனி ஏன் நாம் கஷ்டப்பட வேண்டும்?
– வழக்கறிஞர், புதுக்கோட்டை

நீங்களே இப்படிக் கேட்டால் எப்படி? 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அரசுத் துறைகளுக்கு விலக்கு அளிக்கவும் அதில் வழி இருக்கிறது. போகிறபோக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) என்ற 'தனிப்பட்ட தகவல்' பிரிவையும் இறுக்கிவிட்டது. குடிமகன் கேட்டால் அதிகாரியின் விவரம் தனிப்பட்டது. குடிமகனின் விவரத்துக்கு 18 மாதம் பொறுக்க வேண்டும்.

சுருக்கமாச் சொல்லுங்க. இந்த ஞாயித்துக்கிழமை என்ன செய்யணும்?
– இல்லத்தரசி, திருவரங்குளம்

ஒன்று, போனில் பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள்; இதற்கு எந்த மாற்றும் தேடத் தேவையில்லை. இரண்டு, மீதமுள்ளவற்றில் இருப்பிடம், தொடர்புகள், மைக் அனுமதிகளைப் பாருங்கள். டார்ச் லைட்டுக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு? மூன்று, ஃபயர்பாக்ஸ் போடுங்கள். நான்கு, வாட்ஸப் நகலுக்குக் குறியாக்கம். ஐந்து, நீங்கள் அதிகம் பேசும் ஒரே ஒருவரைச் சிக்னலுக்குக் கூப்பிடுங்கள். அக்காவோ தங்கையோ இருந்தால் வேலை சுலபம். மற்ற சொந்தக்காரர்கள் தானாக வருவார்கள், உள்ளே என்னதான் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள.

இவ்வளவு பேசுறீங்களே, கேள்விகளை ஏன் வாட்ஸப் எண்ணுக்கு அனுப்பச் சொல்றீங்க?
– பெயர் சொல்ல விரும்பாத வாசகர், ஊர் சொல்லவும் விரும்பவில்லை

நீங்கள் எல்லோரும் அங்கே இருப்பதால். அடுத்த இதழில் இருந்து சிக்னல் எண்ணும் சேர்ந்து வரும். அங்கே வரும் முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்.